உச்சந்தலையில் ஆறாத இரத்தக்கட்டு

உச்சந்தலைத் தோலில் தோன்றும் ஆஞ்சியோசர்கோமா, இரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்களில் பிறக்கும் அரிய புற்றுநோயாகும். அறுபது வயதைக் கடந்தோரை, அவர்களுள்ளும் ஆண்களை, இது மிகுதியாகத் தாக்குகிறது. ஊதா அல்லது கருஞ்சிவப்புத் திட்டாகத் தொடங்கிப் பெரும்பாலும் வலியின்றிப் பரவுவதால், எங்கோ இடித்துக்கொண்டதாகவே நோயாளி எண்ணிவிடுகிறார். மயிலத்திலோ மேல்மலையனூரிலோ மொட்டையடிக்கும்போது அத்திட்டு முதன்முதலாகக் கண்ணில் படக்கூடும். முடி மழிப்பவர் அதைச் சுட்டிக்காட்டினால் அலட்சியம் செய்ய வேண்டாம்.

நோய் உறுதியானதும் குடும்பத்தினர் எம்மிடம் கேட்பது, "இன்னும் எவ்வளவு காலம்?" என்பதே. வெளிவந்த ஆய்வுகளில், ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்வோர் ஏறக்குறைய மூவரில் ஒருவர். ஆயினும் இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றன்று. கட்டி ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைவாகவும் நுரையீரலுக்குப் பரவாமலும் இருக்கும் நிலையில் வருவோருக்கு வாய்ப்பு கூடுதல். முதுமை அதனைக் குறைக்கிறது. வயதை நாம் மாற்ற இயலாது; கட்டியின் அளவோ பெரிதும் நாம் கடத்தும் நாள்களைப் பொறுத்தது. பச்சிலையும் எண்ணெயும் தடவிக் காத்திருக்கும் மாதங்களில் அது வளர்ந்துவிடுகிறது. மூன்று வாரங்களில் மறையாத இரத்தக்கட்டுக்குப் பயாப்சி எனப்படும் திசுப் பரிசோதனை தேவையா என மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்நோய் கண்ணுக்குத் தெரியும் விளிம்பைத் தாண்டித் தோலுக்குள் படர்ந்திருக்கும். எனவேதான் சிறு திட்டுக்கும் அகலமாக வெட்டித் தொடைத் தோலை ஒட்டவைக்கிறோம். அதன்பின் கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றோரே பெரும்பாலான ஆய்வுகளில் நெடுநாள் வாழ்ந்துள்ளனர். அறுவை இயலாதோர்க்கும் நோய் பரவியோர்க்கும் பாக்லிடாக்சல் மருந்து பயன்படுகிறது.

கதிர்வீச்சு வாரத்தில் ஐந்து நாள்களாக ஐந்தாறு வாரங்கள் நீளும். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கு நாள்தோறும் பேருந்தில் சென்றுவருவது முதியவர்க்கு எளிதன்று. காயம் ஆறியதுபோல் தோன்றியதும் பாதியில் நிறுத்தவே மனம் வரும். நிறுத்தாதீர்கள். அருகில் தங்க இயலுமா என்பதைத் தொடங்கும் முன்பே சமூகப் பணியாளரிடம் கேட்டறியுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையையும் அப்போதே காட்டுங்கள்.

சிகிச்சை முடிந்தபின் திடீரென மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் அன்றே வாருங்கள். நுரையீரலுக்குப் பரவிய நோய் அதன் மேலுறையைக் கிழித்து, நெஞ்சறையில் காற்றோ இரத்தமோ சேரச் செய்வதுண்டு.