குதிகால் நோகும் இளம் ஆடற்கலைஞருக்கு

காலையில் கட்டிலை விட்டு இறங்கிப் பாதத்தை ஊன்றியதும் குதிகாலின் உட்பக்கத்தில் முள் ஏறினாற்போல் சுருக்கென்று குத்தும். பத்து இருபது அடி நொண்டி நடந்தால் மட்டுப்படும். மதியம் மறந்தே போகும். மாலை வகுப்பு முடிந்து அரைமணி நேரம் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடி அதே இடத்தில் அதே குத்தல். வலி இந்த வரிசையில் வந்தால் அது பெரும்பாலும் மருத்துவர்கள் பிளான்டர் ஃபேசியைட்டிஸ் என்று சொல்லும் கோளாறு. ஊர்ப்பேச்சில் குதிகால் வாதம். கால் ஆணி வேறு; அது தோலில் தடித்து நிற்பது, தடவினால் கைக்குத் தட்டுப்படும். குதிகால் வாதம் வெளியே ஒன்றும் காட்டாது. பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருகிறது. நடுவயதினர், உடல் கனத்தவர்கள், நாளெல்லாம் நின்று வேலை பார்ப்பவர்கள்தான் இதில் அதிகம். ஆனாலும் வெறுங்காலால் தரையைத் தட்டுவதையே தொழிலாகக் கொண்ட பரதக் கலைஞருக்கு இருபது வயதிலும் வரலாம். இக்கடிதம் அவருக்கானது.

உள்ளங்காலில் குதிகால் எலும்பிலிருந்து புறப்பட்டு ஐந்து விரல்களின் அடிவரை விசிறிபோல் விரியும் தடித்த நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. பாத வளைவைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். ஒரு கையால் கால் கட்டைவிரலை மேல்நோக்கி வளைத்து, மறு கையின் பெருவிரலால் உள்ளங்காலைத் தடவினால், இழுத்துக் கட்டிய வீணைத் தந்திபோல் அது விறைத்து நிற்பது தெரியும். அப்படியே குதிகால்வரை தொடர்ந்து போனால், எலும்பில் அது முளைக்கும் இடத்தில், சற்றே உட்புறமாக, அழுத்தினால் உயிர் போகும் ஒரு புள்ளி அகப்படும். விரல் வளைந்தால் பட்டை இறுகிப் பாத வளைவு உயரும் இந்த ஏற்பாட்டை 1954இல் ஹிக்ஸ் என்பவர் விளக்கினார். உருளையில் கயிறு சுற்றச் சுற்ற வாளி மேலே வருவதைப் போன்றது அது. முழுமண்டியில் விரல்நுனியில் அமரும்போது பட்டை முழு இறுக்கத்தில் இருக்கிறது. குதித்து மெட்டடவில் விரல்களில் குதித்து உடனே குதிகாலை அறையும்போது இறுக்கமும் அடியும் அடுத்தடுத்து ஒரே இடத்தில் விழுகின்றன. நாட்டடவில் நீட்டிய காலின் குதிகால் நேராகத் தரையில் படுகிறது. மூன்றாம் காலத்தில் இவை எத்தனை முறை நிகழ்கின்றன என்று ஆடுபவர் எண்ணுவதில்லை. குதிகால் எண்ணிக்கொண்டிருக்கிறது.

நோயின் பெயர் அழற்சி என்று சொல்கிறது. அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. நாட்பட்ட வலிக்காக அறுவை செய்துகொண்ட 50 பேரின் திசுக்களைப் பரிசோதித்து 2003இல் வெளிவந்த ஆய்வில், அழற்சியைவிட நார் நைந்து சிதைந்திருந்ததே தெரியவந்தது. இது ஏட்டு விவகாரம் அல்ல. அழற்சி என்றால் படுத்துக் கிடந்து மாத்திரை விழுங்கினால் போதும் என்று தோன்றும். நைந்த நாரோ ஓய்வில் மட்டும் உரமேறுவதில்லை. அளவாகச் சுமை ஏற்றினால்தான் ஏறும். ஒரு மாதம் சலங்கையைப் பெட்டியில் வைத்துவிட்டு, வலி போயிற்று என்று ஒரே நாளில் முழு மார்க்கத்தையும் ஆடுபவருக்கு வலி திரும்பிவிடுவது இதனால்தான். எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முளையைக் கண்டும் பயப்பட வேண்டியதில்லை. வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு.

வீட்டு வைத்தியம் படுக்கையிலேயே தொடங்குகிறது. எழுந்து காலை ஊன்றுவதற்கு முன், நோகும் காலை மறு தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி வளைக்க வேண்டும். உள்ளங்காலில் தந்தி விறைப்பதை மறு கை உணர வேண்டும். விறைக்கவில்லை என்றால் இழுப்பு போதவில்லை. பத்து எண்ணும்வரை அப்படியே பிடித்திருந்து, பிறகு விட வேண்டும். இப்படிப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. இரவு முழுதும் சுருங்கிக் கிடந்த பட்டையை உடம்பின் எடை திடீரென இழுக்கும் முன் நாமே பதமாக நீட்டிவிடுவதுதான் இதன் சூட்சுமம். கெண்டைக்காலை மட்டும் நீட்டுவதைவிட இந்த முறை நல்ல பலன் தந்ததாக 2003இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை காட்டியது. அதற்காகக் கெண்டைக்காலை விட்டுவிடலாகாது. அது இறுகிப் போனால் கணுக்கால் மடங்காது. கணுக்கால் மடங்காவிட்டால் அரைமண்டியில் பாத வளைவு உள்ளே சரியும், பட்டை இழுபடும்.

இரண்டாவது, படிக்கட்டுப் பயிற்சி. டென்மார்க்கில் 48 பேரை வைத்து நடந்து 2014இல் வெளியான ஆய்விலிருந்து பரவியது. வீட்டு மாடிப்படியின் விளிம்பில், சுருட்டிய துண்டின்மேல் கால்விரல்களை வைத்து நிற்க வேண்டும். துண்டு விரல்களை மேலே வளைத்துப் பட்டையை இறுக்கத்தில் வைக்கும். ஒற்றைக் காலில், மூன்று எண்ணிக் குதிகாலைத் தூக்கி, இரண்டு எண்ணி நிறுத்தி, மூன்று எண்ணி இறக்க வேண்டும். கைப்பிடியில் விரல் பட்டிருக்கலாம், உடம்பைத் தொங்கவிடக் கூடாது. முதலில் 12 முறையாக மூன்று சுற்று. அது எளிதானதும் முதுகுப்பையில் புத்தகங்களை அடுக்கி எடையைக் கூட்டி, எண்ணிக்கையைக் குறைத்துச் சுற்றுகளைக் கூட்டுவது முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். தினமும் செய்யும் ஆர்வம் இங்கே கெடுதல். ஒற்றைக் காலில் முடியாதவர் இரு காலில் தொடங்கலாம். மூன்று மாதத்தில் வெறும் நீட்டல் பயிற்சியைவிட இது முந்தியது. ஓராண்டு முடிவில் இரு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆடுபவருக்கு அந்த முந்திய மாதங்கள் முக்கியம்.

மேடையில் வெறுங்கால் தவிர்க்க முடியாதது. வீட்டில் அப்படியல்ல. மார்பிள் தரையில் சமையலறைக்கும் கூடத்துக்கும் வெறுங்காலில் நடப்பது சும்மா சேரும் சுமை. மெத்தென்ற ரப்பர் அடியுள்ள எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி கட்டிலடியில் இருக்க வேண்டும். காலையின் முதல் அடியே அதன்மேல்தான் விழ வேண்டும். பயிற்சித் தரையும் கவனத்துக்குரியது. மொட்டை மாடியிலும் கார் நிறுத்துமிடத்திலும் நடக்கும் வகுப்புகள் ஏராளம். சிமென்டு தளத்தின்மேல் நேரடியாக ஒட்டிய மரப்பலகை பார்வைக்குத்தான் மரம், அடிக்குச் சிமென்டு. பலகைக்கு அடியில் காற்று இருந்தால்தான் அது அடியை வாங்கிக்கொள்ளும்.

தண்ணீரை உறையவைத்த பாட்டிலை உள்ளங்காலுக்கு அடியில் பத்து நிமிடம் உருட்டினால் மாலை வலி தணியும். செங்கல்லைச் சுட வைத்து எருக்க இலை போட்டு மிதிக்கும் பாட்டி வைத்தியத்தில் சூடு இதமானது, இலையின் பங்கு என்ன என்பது வேறு கதை. சூடு தாங்காமல் தோல் வெந்தவர்கள் உண்டு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சூட்டு ஒத்தடத்துக்கு வெந்நீரே போதும். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆடுவது மோசமான பழக்கம், எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டுவதற்குச் சமம். நிகழ்ச்சிக்கு முன் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளும் ஆசையும் அப்படித்தான்: சில வாரம் வலி குறையும், ஆனால் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியலாம், பட்டையே கிழியலாம்.

சில வலிகள் வீட்டில் வைத்துப் பார்க்கத் தக்கவை அல்ல. குதிகாலை இரு பக்கமும் உள்ளங்கைகளால் அழுத்தினால் வலித்தால், நடக்க நடக்கக் கூடினால், படுத்தபின்னும் விடாவிட்டால், எலும்பில் விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். மாதவிலக்கு நின்றுபோன, அரைவயிறு சாப்பிடும் ஆடற்பெண்களிடம் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்க வேண்டும். எரிச்சலும் மரத்துப்போதலும் நரம்பைச் சுட்டும். இரண்டு குதிகாலும் ஒருசேர நொந்து, காலையில் இடுப்பும் அரைமணிக்குமேல் விறைத்திருந்தால் மூட்டுவாத மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆட்டத்தை முழுதாக நிறுத்த வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இல்லை. முதலில் விலக வேண்டியவை குதித்து மெட்டும் துள்ளல்களும், பிறகு மூன்றாம் காலத் தட்டடவு. அபிநயம், கை அடவுகள், உட்கார்ந்தபடி ஜதி சொல்லுதல், மெதுவான அரைமண்டி ஆகியவை தொடரலாம். கூட்டுவதா குறைப்பதா என்பதை மறுநாள் காலையின் முதல் அடி சொல்லும்: நேற்றைய அளவுக்குள் வலித்தால் அதே அளவு தொடரலாம், கூடியிருந்தால் நேற்று ஆடியது அதிகம். இரண்டு வாரம் காலை வலி தணிந்தே இருந்தால் தட்டடவு முதல் காலத்தில் திரும்பலாம், பிறகு நாட்டடவு, அதன்பின் வேகம். பெரும்பாலோர் சில மாதங்களில் தேறுகிறார்கள், சிலருக்கு ஓராண்டு பிடிக்கும். குதித்து மெட்டு எல்லாவற்றுக்கும் கடைசியில், ஒற்றைக் காலில் படிக்கட்டுப் பயிற்சி வலியில்லாமல் முடிகிறபோது, அதுவும் பலகைத் தரையில் மட்டும்.