அக்கா பிள்ளையை வெளிநாடு கூட்டிப் போகிறீர்களா?

முழுப் பரீட்சை லீவில் குடும்பத்தோடு வெளிநாடு கிளம்பும்போது, "எங்க பொண்ணையும் கூட்டிட்டுப் போயேன், பசங்களோட சேர்ந்து பார்த்துட்டு வரட்டும்" என்று அக்காவோ அண்ணனோ சொல்வது நம் வீடுகளில் சகஜம். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், ஸ்வெட்டர் எல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்து வைப்போம். பெற்றோர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் கடிதம் மட்டும் விட்டுப்போகும். நமக்கு அவள் சொந்தப் பிள்ளைதான். குடியேற்ற கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்கோ அவள் பெற்றோர் இல்லாமல் வந்திருக்கும் சிறுமி. பிள்ளை கடத்தலைத் தடுப்பதும் அவர் வேலைதான். ஆகவே அவர் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

1. கடிதத்தை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். ஒரு பக்கம் போதும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பிள்ளையின் முழுப் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். பெற்றோர் இருவரின் பெயர், முகவரி, நாட்டுக் குறியீட்டோடு போன் எண். கூட்டிப் போகும் உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், பிள்ளைக்கு என்ன உறவு. எந்த நாடு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எங்கே தங்கல் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். "எப்போது வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் கூட்டிப் போகலாம்" என்று பொதுப்படையாக எழுதி வாங்காதீர்கள். ஒரு பயணத்துக்கு ஒரு கடிதம். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்காவில் மே 6.

2. பெற்றோர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா மட்டும் போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தை நோட்டரி பப்ளிக் முன்னால் போட்டு முத்திரை வாங்கிவிடுங்கள். எல்லா நாடும் கட்டாயம் என்று சொல்வதில்லை, ஆனால் முத்திரையுள்ள கடிதத்துக்கு மதிப்பு கூடுதல். அப்பா துபாயிலோ தோஹாவிலோ வேலையில் இருந்தால் அவருடைய கடிதத்தைத் தனியாக எழுதி, அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ சான்றொப்பம் வாங்கி அசலைக் கூரியரில் அனுப்பச் சொல்லலாம். இதற்கு நாள் பிடிக்கும், டிக்கெட் போட்ட கையோடு ஆரம்பித்துவிடுங்கள். ஒரு நாட்டு ஆவணத்தை வேறு நாடுகள் ஏற்க உதவும் அப்போஸ்டில் முத்திரையையும் சில நாடுகள் கேட்கலாம். அதற்கான சர்வதேச உடன்படிக்கை இந்தியாவில் 2005 முதல் நடப்பில் இருக்கிறது. நம் வெளியுறவு அமைச்சகம் வழியாக வாங்கலாம். தேவையா என்று போகிற நாட்டின் தூதரகத்தில் முதலில் கேட்டுவிட்டுச் செலவு செய்யுங்கள்.

3. பெற்றோரில் ஒருவர் இல்லாத பிள்ளை என்றால், இறப்புச் சான்றிதழின் நகலைக் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். விவாகரத்து ஆனவர்கள் என்றால், பிள்ளை யார் பொறுப்பில் என்று சொல்லும் கோர்ட் உத்தரவின் நகல் வேண்டும். இதைப் பிள்ளைக்கு எதிரில் வைத்துப் பேச வேண்டாம். உறையில் போட்டு உங்களிடமே வைத்திருங்கள், கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

4. நம் ஊர்ப் பெயர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பிள்ளையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அவள் அப்பாவின் பெயர் இருக்கும். அவள் அம்மாவின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் அல்லது தன் அப்பா பெயர் இருக்கும். கூட்டிப் போகும் சித்தியின் பாஸ்போர்ட்டில் மூன்றாவதாக ஒரு பெயர். ஒரே குடும்பம் ஒரே பெயரில் இருக்கும் ஊரில் வளர்ந்த அதிகாரிக்கு இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பெயர்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நகல், பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட் அல்லது ஆதார் நகல் இரண்டையும் கடிதத்தோடு பின் செய்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கிலத்திலும் ஒன்று வாங்கிவிடுங்கள். இனிஷியல் ஒன்றில் சுருக்கமாகவும் மற்றொன்றில் விரிவாகவும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது.

5. பிள்ளையைத் தயார் செய்யுங்கள். இதை யாரும் நினைப்பதே இல்லை, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நம் வீடுகளில் பெரியம்மாவை "அம்மா" என்றே கூப்பிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கவுன்டரில் அதிகாரி குனிந்து, "இவர் உனக்கு யார்?" என்று கேட்கும்போது பிள்ளை "அம்மா" என்று சொல்லி, கடிதத்தில் வேறு பெயர் இருந்தால் விசாரணை நீளும். அல்லது ஆங்கிலத்தில் "ஆன்ட்டி" என்று சொல்லும். பக்கத்து வீட்டு அம்மாவும் ஆன்ட்டிதான். "என் அம்மாவோட அக்கா" என்று ஆங்கிலத்தில் சொல்லக் கற்றுக்கொடுங்கள். எங்கே போகிறோம், எத்தனை நாள், அப்பா அம்மா எங்கே இருக்கிறார்கள் என்பதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும். மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஒப்பித்தால் சொல்லிக்கொடுத்தது போலத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் நாலு தடவை பேசிக்கொண்டாலே பதிந்துவிடும். அதிகாரி பிள்ளையிடம் கேட்கும்போது நீங்கள் குறுக்கே புகுந்து பதில் சொல்லாதீர்கள்.

6. நாட்டுக்கு நாடு விதி மாறும். கனடாவிலும் அமெரிக்காவிலும் இப்படி ஒரு கடிதம் வைத்திருக்கும்படி அரசே வலியுறுத்துகிறது. தென்னாப்பிரிக்கா 2015இல் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. 2019இல் பெற்றோருடன் வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தளர்த்தியது. வேறொருவருடன் வரும் பிள்ளைக்கு ஒப்புதல் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் இல்லாமல் அங்கே கிளம்ப வேண்டாம். பிலிப்பைன்ஸில் பெற்றோர் இல்லாமல் வரும் 15 வயதுக்குட்பட்ட வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தனி விலக்கு அனுமதியே வாங்க வேண்டும். ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் பிள்ளைக்காகப் பெற்றோர்தான் கையெழுத்திட வேண்டும். சித்தப்பா போட முடியாது.

7. பாரிஸிலும் லண்டனிலும் இருக்கும் நம் உறவினர்களுக்கும் இது பொருந்தும். பிரான்ஸில் வசிக்கும் பிள்ளை, எந்த நாட்டுக் குடியுரிமை உள்ளதானாலும், பெற்றோர் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போக ஒரு படிவம் வேண்டும். 2017 ஜனவரி 15 முதல் இது மறுபடி கட்டாயம். பாரிஸின் லா ஷாப்பல் பக்கத்து மாமா தன் தங்கை மகனை யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ கூட்டி வந்தாலும் இது தேவை. படிவத்தை இணையத்தில் எடுத்து நிரப்பி, கையெழுத்திட்ட பெற்றோரின் அடையாள அட்டை நகலோடு வைத்தால் போதும். நகராட்சி அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். பிரிட்டனில் பிள்ளை மீது சட்டப் பொறுப்புள்ள எல்லோருடைய சம்மதமும் வேண்டும். சம்மதமில்லாமல் கூட்டிப் போனால் அது பிள்ளை கடத்தல் குற்றமாகவே போய்விடும்.

8. மருத்துவத்துக்குத் தனி வரி எழுதி வாங்குங்கள். பிள்ளைக்கு நடுராத்திரியில் வயிற்று வலி வந்து அப்பென்டிக்ஸ் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால், சம்மதக் கையெழுத்து யாரிடம் கேட்பார்? "அவசர சிகிச்சைக்கு எங்கள் சார்பில் இவர் சம்மதம் தரலாம்" என்று பெற்றோர் எழுதித் தர வேண்டும். ரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரை, தடுப்பூசி அட்டை நகல் எல்லாம் கடிதம் இருக்கும் கவரிலேயே இருக்கட்டும். முட்டை, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பயணக் காப்பீட்டில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பாலிசியைத் திறந்து பாருங்கள்.

9. நீங்கள் இறங்கும் நேரத்தில் அதிகாரி அழைத்தால் பெற்றோர் போனை எடுக்க வேண்டும். டொரான்டோவில் பிற்பகல் 4 மணி என்றால் நம்மூரில் கோடையில் விடியற்காலை 1.30, குளிர்காலத்தில் 2.30. அன்று ராத்திரி மட்டும் போனை சைலன்டில் போடாமல் தலைமாட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

10. பிளஸ் டூ படிக்கும் பையன் மீசை வைத்திருந்தாலும் 18 முடியும் வரை சிறுவன்தான், அவனுக்கும் கடிதம் வேண்டும். கனடாவின் சில மாகாணங்களில் 19.

11. இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக் கூட்டிப் போனால் வீட்டுக்கு ஒரு கவர், கவரின் மேல் பிள்ளையின் பெயர். பள்ளிச் சுற்றுலா, விளையாட்டுப் போட்டி என்று அழைத்துப் போகும் ஆசிரியர்களும் ஒரே தாளில் எல்லாப் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்காமல் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக வாங்குங்கள்.

12. கவர்களைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள். பெட்டி கைக்கு வருவதற்கு முன்பே கவுன்டர் வந்துவிடும். தோளில் மாட்டும் பையில் அசல், போனில் போட்டோ, பெற்றோரிடம் ஒரு நகல். சென்னையில் கிளம்பும்போதே கேட்கலாம், இடையில் விமானம் மாறும் இடத்திலும் கேட்கலாம்.

13. கடிதத்தில் திரும்பும் தேதிக்கு மேல் நாலைந்து நாள் கூட்டிப் போடுங்கள். விமானம் ரத்தானாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து தங்க நேர்ந்தாலும் அது கைகொடுக்கும். அதையும் தாண்டித் தங்குவதாக இருந்தால் பெற்றோரிடம் புதிய தேதியோடு இன்னொரு கடிதம் எழுதி வாங்கி, அது கைக்கு வந்த பிறகு டிக்கெட்டை மாற்றுங்கள்.