கண்ணாடியில் ஒட்ட வேண்டிய காகிதம்

ஆரணி, போளூர், வந்தவாசி, செஞ்சி எனப் பல சாலைகள் கூடும் சேத்துப்பட்டில் பழைய வண்டிக்கு எப்போதும் ஆள் உண்டு. நெல் மூட்டையை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஏற்றிப்போக லோடு வண்டி தேடும் விவசாயி, நெய்த சேலையை ஆரணிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க பைக் தேடும் நெசவாளி என்று, புது வண்டி கட்டுப்படியாகாதவர்கள் பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடைக்குத்தான் வருகிறார்கள். பல கடைகளில் அவர்கள் கண்ணில் படுவது தூசி மூடிய வண்டி வரிசையும் காற்று இறங்கிய டயரும்தான். பேட்டரி செத்துக் கிடக்கும். தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். விலை கேட்டால், “நீங்க எவ்வளவுக்குப் பார்க்கறீங்க?” என்று எதிர்க்கேள்வி வரும்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் இதை மாற்றலாம். அதற்குப் பெரிய முதல் தேவையில்லை.

1970-ல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் கோளாறு விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் எல்லா வண்டியையும் சந்தேகப்பட்டு விலையை அடிப்பார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் கொடுக்க மாட்டார். கடைசியில் சந்தையில் நிற்பது ஓட்டை வண்டிகள்தான். அகெர்லாஃபுக்கு 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம்மூர்ப் பேரத்திலும் இதுதான் நடக்கிறது. சந்தேகத்தைக் குறைத்தால் விலை நிற்கும்.

முதலில் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சியை எடுங்கள். எத்தனையாவது ஓனர், எந்த ஆண்டுப் பதிவு, ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்று பாருங்கள். கடன் முடிந்தும் ஆர்சியில் ஹெச்பி எனும் கடன் குறிப்பை நீக்காமல் நிற்கும் வண்டிகள் ஏராளம்; கடன் முடிந்ததைச் சொல்லும் படிவம் 35 வாங்காமல் அவற்றை வரிசையில் நிறுத்தாதீர்கள். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுக்கு. லோடு வண்டி 8 ஆண்டைத் தாண்டினால் தகுதிச் சான்றான எஃப்சி ஆண்டுதோறும். இந்தக் கெடுவை முதலிலேயே சொல்லிவிட்டால், வாங்கிப்போனவர் அடுத்த மாதம் சண்டைக்கு வர மாட்டார்.

பிறகு வாட்டர் சர்வீஸ். டயருக்குக் காற்று, பேட்டரிக்குச் சார்ஜ், எரியாத பல்பு, கிழிந்த சீட் உறை, சத்தம் போடும் செயின் இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு, பேரத்தில் விட்டுக்கொடுக்கும் தொகையைவிடக் குறைவு. துருவின் மேல் மட்டும் பெயின்ட் அடிக்காதீர்கள். ஒரு மழைக்காலத்தில் கொப்பளித்துவிடும், கடையின் பெயரும் அதோடு போகும். மீட்டரைப் பின்னுக்கு ஓட்டுவது பச்சை மோசடி. அப்படிச் செய்யச் சொல்லும் முதலாளியிடம் வேலையில் நீடிக்காதீர்கள்.

குட்டி யானை மாதிரியான வண்டி நின்றால் பின்பக்கத்தில் ஏறிப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் அதில் ஏறப்போவது பட்டாக இருக்கலாம். தகரத்தின் கூரான விளிம்பு, தரையில் படிந்த ஆயில், தார்ப்பாயின் ஓட்டை, இவற்றில் எது இருந்தாலும் ஒரு சேலைக் கட்டு பாழாகும். பட்டு வியாபாரி அதைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார். இன்ஜின் சத்தத்தை அப்புறம்தான் கேட்பார். பட்டுக்கடையில் சேலையை மடிப்போடு நீட்டினால் யாரும் வாங்குவதில்லை. முந்தானையை விரித்து, வெளிச்சத்தில் ஜரிகையைக் காட்ட வேண்டும். வண்டியையும் அப்படி விரித்துக் காட்டுங்கள்.

விரித்துக் காட்டுவதற்கு நான் சொல்லும் வழி ஒரு வெள்ளைத்தாள். ஆண்டு, ஓனர் எண்ணிக்கை, மீட்டர் காட்டும் கிலோமீட்டர், எஃப்சி, இன்சூரன்ஸ் முடியும் தேதி, விலை. அவற்றுக்குக் கீழே பெரிய எழுத்தில் இன்னும் சரிசெய்யாத கோளாறுகள். அமெரிக்காவில் பழைய கார் விற்கும் டீலர்கள், வாரன்டி உண்டா இல்லையா என்று சொல்லும் அறிவிப்புத் தாளைக் காரிலேயே ஒட்ட வேண்டும் என்ற விதி 1985 முதல் இருக்கிறது. பிரிட்டனில் பழைய கேரவன் வாங்கப்போகிறவர்கள் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்ற சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குகிறார்கள். “கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டும்” என்று நீங்களே எழுதி ஒட்டினால், மெக்கானிக்கோடு வரும் வாடிக்கையாளர் வேறு எதைக் காட்டி விலையை அடிப்பார்?

ஃபோட்டோவைக் காலை வெளிச்சத்தில், வண்டியைத் தனியாக நிறுத்தி எடுங்கள். கீறல் இருக்கும் பக்கத்தையும் எடுங்கள்.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம்தான் வருகிறது. பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்டிஓவில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற மத்திய விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சான்று 5 ஆண்டு செல்லும். ஓனர் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவித்த பிறகு அந்த வண்டிக்குப் பொறுப்பு டீலர்தான். ஓட்டிப் பார்க்கவும் வேலை பார்க்கவும் தவிர, கடை வண்டியைச் சொந்த வேலைக்கு எடுத்துப்போகக் கூடாது. படிவம் 29, 30 நிரப்பவும் பரிவாகன் தளத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கவும் தெரிந்த பையனுக்கு எந்தக் கடையிலும் மதிப்புண்டு.

கடை வைத்திருக்கும் அண்ணன்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலைக்குச் சேரும் பையன் கையில் துடைக்கிற துணியைக் கொடுக்கும் அன்றைக்கே ஆர்சியையும் கொடுத்து, வரிவரியாகப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்.