வைஃபை வழிப் பேச்சு

கல்லும் சுண்ணாம்பும் கொண்டு பருத்த சுவரெழுப்பிய பழைய கட்டிடங்களிற் பயில்வோர்க்கும், இரும்புக் கம்பி பின்னிய காங்கிரீட்டு மாடிவீடுகளில் வாழ்வோர்க்கும் பொதுவாயுள்ள குறையொன்றுண்டு. வாயிலுக்கு வெளியே நின்றாற் கைப்பேசி தெளிவாய்ப் பேசும். உள்ளே வந்தவுடன் குரல் முறியும், அல்லது முற்றும் அடங்கிவிடும். வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் நள்ளிரவில் மார்பு வலியால் வருந்துங்கால், மைந்தன் மருத்துவரை அழைக்கக் கைப்பேசியை ஏந்திக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடவேண்டியிருக்குமாயின், அதனை அற்பக் குறையென்று எவரும் சொல்லார். இக் குறைக்கு ஒருவாறு பரிகாரமாய் அமைந்ததே வைஃபை வழிப் பேச்சு. அதனை உபயோகிப்போர் பலர். அதன் இயல்பை அறிந்தோர் சிலர். இயல்பறியாதோர், அது கைவிடுஞ் சமயம் இன்னதென்பதையும் அறியார். ஆதலின் அதனைச் சிறிது ஆராய்வோம்.

கைப்பேசியின் குரல் மின்காந்த அலைகளின்மீது ஏறிச் செல்வது. இவ்வலைகளின் இயல்பை மாக்ஸ்வெல் என்பார் 1865-ஆம் ஆண்டிற் கணிதத்தால் விளக்கினார். ஹெர்ட்ஸ் என்பார் 1887, 1888-ஆம் ஆண்டுகளிற் சோதனையால் மெய்ப்பித்தார். பின்னர், கல்கத்தா நகரில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குப் புலனாகாத இவ்வலைகளைச் சுவர்களினூடே செலுத்தி, அப்பாலிருந்த மணியை ஒலிப்பித்தும், வெடிமருந்தைக் கொளுத்தியும் காட்டினார். அப் பேரறிஞர் தம் இளமையில் அந்நகரத்துப் புனித சேவியர் கல்லூரியில் லாபோன் பாதிரியாரிடம் பௌதிகம் பயின்றவர் என்பது, மிஷன் கல்லூரி மாணாக்கராகிய நமக்கு உவகை தருஞ் செய்தியாம்.

நிற்க. அலைகள் சுவரை ஊடுருவுமெனின், வீட்டினுள்ளே சிக்னல் குன்றுவானேன் என்று வினவலாம். ஊடுருவுதல் வேறு, குறைவின்றி ஊடுருவுதல் வேறு. ஒவ்வொரு சுவரும் அலையின் வலிமையில் ஒரு பங்கை விழுங்கிவிடுகின்றது. காங்கிரீட்டினுள் இருக்கும் இரும்புக் கம்பிகளும், வெயிலைத் தடுக்கும்பொருட்டு உலோகப் பூச்சிட்ட கண்ணாடிகளும் அலையைத் திருப்பியடிக்கின்றன. அன்றியும், நொடிக்கு 90 கோடி முறை அதிரும் அலை ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் நீளமுடையது. 230 கோடி முறை அதிர்வதோ 13 சென்டிமீட்டரே. பொதுவாக, நீளங் குறுகிய அலையே சுவர்களால் மிகுதியும் நலிவடையும். இவ்விருவகை அலைகளும் நம் நாட்டுக் கைப்பேசிக் கம்பெனிகளால் வழங்கப்படுவன.

ஈண்டுப் பலர் ஒரு பிழையான எண்ணங் கொள்வர். வைஃபை அலை, கோபுரத்தின் அலையினும் ஆற்றல் மிக்கது போலும், அதனாலன்றோ உள்ளறையிலும் பேச முடிகின்றது என்பர். அஃது அவ்வாறன்று. வைஃபை அலைகளுள் நெடியதே நொடிக்கு 240 கோடி முறை அதிர்ந்து, 12½ சென்டிமீட்டர் நீளமுடையதாயிருக்கிறது. சுவரைக் கடப்பதில் அதற்குத் தனிச் சிறப்பு யாதுமில்லை. தெருவிளக்கின் ஒளி சாளரத்தின் வழியே போதிய அளவு வாராவிடின், நாம் அறையினுள் ஓர் அகல் ஏற்றுகின்றோம். அகலின் சுடர் தெருவிளக்கினும் பெரிதன்று. அண்மையில் உள்ளது, அவ்வளவே. வைஃபை கருவியும் அத்தகையதே. அதனிடமிருந்து வெளியே செல்லும் செய்தியைக் கண்ணாடி இழையோ செப்புக் கம்பியோ தாங்கிச் செல்லுதலின், சுவரின் தடை அங்கே இல்லையாகின்றது.

இனி, பேச்சு செல்லுமாற்றைக் காண்போம். நாம் பேசுங் குரலைக் கைப்பேசி நொடிக்கு 50 துண்டங்களாக அறுத்து, ஒவ்வொன்றையும் எண்களாக மாற்றுகின்றது. அத்துண்டங்கள் பிறர் படிக்கவியலாத மறைமொழியிற் பொதியப்பெற்று, இணையத்தின் நடுவே நிலத்தடிச் சுருங்கை போன்றதொரு வழியாகக் கைப்பேசிக் கம்பெனியின் வாயிலை அடைகின்றன. அவ் வாயிலில், சிம் அட்டையுள் மறைந்திருக்கும் இரகசியத் திறவுகோலைக் கொண்டு, வந்திருப்பவர் உண்மையான வாடிக்கைக்காரரே என்பது சோதிக்கப்படும். சோதனை முடிந்தபின், கோபுரத்தின் வழி வந்த பேச்சு எவ்விடஞ் சேருமோ, அவ்விடமே இப்பேச்சும் சேரும். எனவே, வைஃபை வழிப் பேச்சு புதியதோர் ஊருக்குச் செல்லும் பாதையன்று. பழைய ஊருக்கே மற்றொரு வாயில். இதனை உள்ளத்திற் கொண்டால் ஏனைய யாவும் எளிதில் விளங்கும்.

வாட்ஸப் முதலியவற்றாற் பேசுதற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. அவற்றில் இருதிறத்தாரும் ஒரே செயலியை வைத்திருத்தல் வேண்டும். இதிலோ, நம் எண் மாறுவதில்லை. எதிரிலுள்ளவர் பழைய பட்டன் கைப்பேசியோ வீட்டுத் தொலைபேசியோ வைத்திருப்பினும் தடையில்லை.

அமெரிக்காவில் டி-மொபைல் கம்பெனியார் 2007-ஆம் ஆண்டிலேயே இத்தகைய ஏற்பாட்டை விற்பனைக்குக் கொணர்ந்தனர். ஐபோன் கருவிகளில் இவ்வசதி 2014-ஆம் ஆண்டில் இடம்பெற்றது. நம் நாட்டில், 2018-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் இணையவழித் தொலைபேசிக்கு வழிதிறந்த பின்னர், ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதனைத் தொடங்கின. அதே மார்ச்சில் ஊரடங்கு வந்து, வீடே அலுவலகமும் வகுப்பறையும் ஆயிற்று.

இதனைப் பெறுதற்கு வேண்டுவன மூன்று: கைப்பேசி இவ்வசதியுடையதாதல், கம்பெனி அதனை வழங்குதல், வீட்டு இணைப்பு நிலையுள்ளதாதல். கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் ‘வைஃபை காலிங்’ என்றிருப்பதை ஒருமுறை இயக்கிவிட்டாற் போதும். உண்மையில் அது வேலை செய்கின்றதா என்றறிய எளிய சோதனையொன்றுண்டு. விமானப் பயணத்துக்குரிய நிலையிற் கைப்பேசியை வைத்து, வைஃபையை மட்டும் மீண்டும் இயக்கி, நண்பர் ஒருவரை அழைத்துப் பாருங்கள். கோபுரத்தின் தொடர்பு முற்றும் அற்றிருக்க, மணி ஒலிக்குமாயின், பேச்சு சென்றது வைஃபை வழியே என்பதில் ஐயமில்லை.

இதன் குறைகளையும் ஒளியாது கூறுதல் கடன். குரல் செல்லுதற்கு வேண்டும் இணைய வேகம் மிகச் சிறிதே; ஆயின், துண்டங்கள் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக வருதல் வேண்டும். விடுதியில் நாற்பதின்மர் ஒரே கருவியின் வழியாய்த் திரைப்படம் பார்த்துக்கொண்டிருப்பின், துண்டங்கள் பிந்தும்; பிந்தியவை பயனற்றொழியும்; குரல் விக்கும். பேசிக்கொண்டே வீட்டைவிட்டு வெளியேறுவோர்க்கு, அவ்விடத்தே 4ஜி சிக்னல் நன்றாயிருப்பின் பேச்சு அறாது தொடரும். பழைய 2ஜி மட்டும் உள்ள இடத்திற் பெரும்பாலும் அறுந்துபோம். அயல்நாடு செல்வோர் இவ்வழிப் பேசுதற்குரிய கட்டண விதியைத் தம் கம்பெனியாரிடம் முன்னரே கேட்டறிதல் நன்று.

எல்லாவற்றினும் பெரியதோர் எல்லையுண்டு. வீட்டிலுள்ள வைஃபை கருவி மின்சாரத்தால் உயிர்வாழ்வது. புயலடித்து மின்சாரம் நின்ற இரவில், கைப்பேசி விழித்திருக்கும், வைஃபை உறங்கிவிடும். உதவி மிக வேண்டிய வேளையும் அதுவே. மேலும், 112 என்னும் அவசர எண்ணை அழைக்குங்கால், கோபுரத்தின் வழிச் செல்லும் அழைப்பு, அழைப்பவர் ஏறக்குறைய எப்பகுதியில் உள்ளார் என்பதைக் கோபுரத்தாலேயே காட்டும். வைஃபை வழிச் செல்வதற்கு அவ்வடையாளம் இல்லை. இதுபற்றியே, பல கைப்பேசிகள் அவசர அழைப்புக்கு முதலிற் கோபுரத்தையே நாடுமாறு அமைக்கப்பெற்றுள்ளன.

ஆகவே, ஒவ்வொரு வீட்டாரும் செய்துகொள்ளத்தக்க ஏற்பாடுகள் சில உள. வைஃபை கருவிக்குச் சிறியதொரு மின்கல உபகரணம் வாங்கி இணைத்தல் ஒன்று. வீட்டின் எம்மூலையிற் கோபுரத்தின் சிக்னல் கிடைக்கின்றதென்பதைப் பகலிலேயே கண்டு, முதியோர்க்கும் சிறுவர்க்கும் காட்டிவைத்தல் மற்றொன்று. அவசரத்தில் அழைப்போர், நோயைச் சொல்லுமுன் தெருவும் வீட்டெண்ணும் ஊரும் சொல்லப் பழகுதல் மூன்றாவது. இவற்றுள் முதலாவதற்குச் சிறிது பொருள் வேண்டும். மற்றை இரண்டிற்கும் ஒரு மாலைப்பொழுது போதும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்கர், தம் வீட்டுப் பெரியோரின் கைப்பேசியில் இவ்வசதியை இயக்கித் தருவாராக. இயக்கித் தருவதோடு நில்லாது, மின்சாரம் நின்றால் இதுவும் நின்றுவிடும் என்பதையும், அப்பொழுது எம்மூலைக்குச் செல்லவேண்டுமென்பதையும் அவர்க்குப் பொறுமையோடு எடுத்துச் சொல்வாராக. கல்லூரியிற் கற்ற பௌதிகம் அன்றைக்கு வீட்டிற்குப் பயன்பட்டதாகும்.