மாரிக்கு முன் வெட்டும் கான்

தோட்டத்தில் ஏன் கான் வெட்டுகிறோம்? தண்ணீர் போக வழி இல்லாவிட்டால் மண் அரித்து, தேயிலை வேர் வெளியே தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்துக் கோச்சிப் பாதைக்கும் இதே கதைதான். அங்கே கான் அடைபட்டால் புகையும் கூடும். எப்படி என்று பார்ப்போம்.

பாதையின் கதை

காங்கேசன்துறை வரையான வடக்குப் பாதை 1905இல் முழுமையானது. யுத்தத்தால் 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. பாதையைப் புதிதாகப் போட்டபின், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் மறுபடி ரயில் வந்தது.

மாரியில்

அங்கே பெருமழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. குடாநாடு தட்டையான பூமி. நம்ம மலைபோலத் தண்ணீர் தானாக இறங்கி ஓடாது. தண்டவாளத்தின் அடியில் உள்ள சல்லிக்குள் சேறு ஏறினால் பாதை அமிழும். பிறகு சல்லி ஏற்றிய ரயிலும், சல்லியை இறுக்கும் மெஷினும் வரவேண்டும். இரண்டும் டீசல் குடிப்பவை.

கோடையில்

இரும்பு வெயிலில் நீளும். ஒரு கிலோமீற்றர் தண்டவாளம், சூடு ஒரு பாகை கூடினால், ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் நீளப் பார்க்கும். 25 பாகை கூடினால் 30 சென்ரிமீற்றர், அதாவது ஓர் அடி! சல்லி இறுக்கிப் பிடிக்காத இடத்தில் பாதை பக்கவாட்டில் வளையும். மாரியில் விட்ட பிழை கோடையில் தெரியும். வளைந்த தண்டவாளத்தை மாற்றினால், புது இரும்பு உருக்கிய உலையின் புகையும் அந்தக் கணக்கில் சேரும்.

சின்னக் கணக்கு

ஒரு லீற்றர் டீசலின் நிறை ஒரு கிலோவுக்கும் குறைவு. அது எரிந்தால் வரும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 2.7 கிலோ! டீசலில் உள்ள காபன் காற்றிலுள்ள ஒட்சிசனையும் சேர்த்துக்கொள்வதால்தான் இந்தக் கனம். இந்த வாயு பூமியைச் சூடாக்குகிறது. சூடு கூடினால் வெயிலும் மழையும் இன்னும் கடுமையாகும். பாதையும் இன்னும் கெடும்.

நமக்கு என்ன?

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலையகப் பாதை பல இடங்களில் சரிந்ததை அறிவோம். அப்படிப்பட்ட புயலைக் கான் வெட்டி நிறுத்த முடியாது. ஆனால் வழக்கமான மழை செய்யும் சேதத்தை நிச்சயம் குறைக்கலாம். செப்டம்பரில் மண்வெட்டியால் முடியும் வேலையை, டிசம்பரில் டீசல் மெஷினுக்கு விடக்கூடாது. பாதையோரக் கானில் சொப்பிங் பேக், குப்பை போடாதீர்கள். லயத்துக் கானுக்கும் இதே விதிதான்.

பிள்ளைகளுக்குக் கேள்வி: 50 லீற்றர் டீசல் எரிந்தால் எத்தனை கிலோ காபனீரொட்சைட்டு வரும்?

(விடை: ஏறத்தாழ 135 கிலோ.)