தேறின விசுவாசம்

வேதபாடம்: எபேசியர் 4:11-16; 1 கொரிந்தியர் 12:12-26



மருத்துவமனையில் ஊழியம் செய்கிறவர்கள் அடிக்கடி சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு நாள் விடியற்காலையில், குழந்தைகள் வார்டுக்கு வெளியே, ஒரு தகப்பனார் என் கையைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டார். "ஐயா, உபவாசமிருந்து ஜெபித்தோமே. சபையாரும் ஜெபித்தார்களே. பிறகு ஏன் என் பிள்ளை பிழைக்கவில்லை?"

பக்கத்தில் நின்ற உறவினர் ஒருவர், "விசுவாசம் குறைந்திருக்கும்" என்று மெல்லச் சொன்னார். அது அந்தத் தகப்பனாரின் காதிலும் விழுந்தது.

குறைவில்லாத விசுவாசம் என்றால் என்ன? கேள்வியே கேளாத விசுவாசமா? கண்ணீரே இல்லாத விசுவாசமா? இந்தப் பாடத்தில், நம்முடைய கொல்லிமலையில் வாழ்ந்த ஒரு குடும்பத்தை முன்வைத்து இதைத் தியானிப்போம்.

1. கேள்விக்கு அஞ்சாத விசுவாசம்

குழந்தையாயிருந்தபோது குழந்தையைப்போலச் சிந்தித்ததாகவும், பெரியவனானபின் அதை விட்டுவிட்டதாகவும் பவுல் எழுதுகிறார் (1 கொரி. 13:11). கேட்டதைக் கொடுப்பவரே கடவுள் என்று எண்ணுவது குழந்தைப் பருவத்து விசுவாசம். அது தவறல்ல, ஆனால் அதிலேயே நின்றுவிடுவது ஆபத்து. முதல் பெருங்காற்றிலேயே அது சாய்ந்துவிடும்.

ஜெசி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனெரித் தம்பதியர் 1913-ல் திருமணமாகிக் கொல்லிமலையில் குடியேறினார்கள். 1929 ஜூன் மாதத்தில் ஜெசி அங்கே கடும் காய்ச்சலால் மரித்தார். பிள்ளைகள் இருவரும் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். பின்பு இங்கிலாந்துக்குச் சென்ற ஈவ்லின் அம்மையார் துக்கத்தால் ஒடுங்கிப்போயிருந்தார். அந்தத் துக்கத்தை அவரால் மறைக்க முடியவில்லை. ஆனாலும் அதோடுகூடவே இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். ஏறக்குறைய 70 வயதில் மிஷன் சங்கம் ஓய்வு கொடுத்தபோதும், சங்கத்தின் பொறுப்பில் அல்லாமல் தாமாகவே மலைக்கு ஏறினார். 1974-ல், தம்முடைய 95-ஆம் வயதில் மரிக்கும்வரை மலைவாழ் மக்களோடிருந்தார்.

விசுவாசிக்கிறேன் என்றும், என் அவிசுவாசம் நீங்க உதவும் என்றும் ஒரே மூச்சில் கதறிய தகப்பனை (மாற்கு 9:24) இயேசு தள்ளிவிடவில்லை என்பதை நினைவில் கொள்வோம்.

2. வாழ்க்கை முழுவதோடும் இணைந்த விசுவாசம்

மதத்தைக் குறித்து ஆராய்ந்த அமெரிக்க மனவியல் அறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1950-ல் ஒரு நூல் வெளியிட்டார். முதிர்ந்த சமய உணர்வு ஒரு மனிதனின் நடத்தையை நெறிப்படுத்தும், அவன் வாழ்க்கை முழுவதையும் ஒன்றாக இணைக்கும், இன்னும் தேடிக்கொண்டேயிருக்கும் என்று அதில் விளக்கினார். தன் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்படி தாவீது ஜெபித்ததும் (சங். 86:11) இதற்காகத்தானே!

அக்காலத்தில் கொல்லிமலை மக்களை நரம்புச்சிலந்தி நோய் வாட்டியது. காலில் கொப்புளத்தோடு கிணற்றுத் தண்ணீரில் இறங்குவார்கள்; புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும்; அதே தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு நோய் தொற்றும். சுவிசேஷம் சொல்ல வந்த ஜெசி பிராண்ட், தண்ணீருக்குள் எவரும் கால் வைக்காதபடி கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பக் கற்றுத்தந்தார். பிரசங்கம் ஒரு வேலை, சுவர் இன்னொரு வேலை என்று அவர் பிரிக்கவில்லை. இரண்டும் ஒரே ஆண்டவருக்குச் செய்யும் ஊழியம்.

நாமோ பலமுறை பிரித்துவிடுகிறோம். ஞாயிறு ஆலயத்தில் ஒரு முகம். திங்கட்கிழமை கடையில், அலுவலகத்தில், வீட்டு வேலைக்காரரிடத்தில் வேறொரு முகம். அறைகள் பல உள்ள வீட்டில் ஒரே அறையில் மட்டும் விளக்கேற்றி வைத்தால், மற்ற அறைகள் இருட்டாகத்தானே இருக்கும்?

3. வலியை உணரும் விசுவாசம்

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த அவர்களுடைய மகன் டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று பலர் நம்பிய காலம் அது. அவரோ கவனித்துப் பார்த்து, உணர்ச்சி அற்றுப்போனதே மூலகாரணம் என்று காட்டினார். சுடும் பாத்திரத்தைப் பிடித்தாலும் அந்தக் கைக்குத் தெரியாது. காயம் பட்டாலும் அதே கையால் வேலை செய்வார்கள், புண் ஆறாது, சிறுகச் சிறுக விரல் தேய்ந்துபோகும். வலியும் தேவன் தந்த ஈவு என்று அவர் போதித்தார்.

பிரியமானவர்களே, உணர்வற்ற கை உடம்போடு ஒட்டியிருந்தும் உடம்பு அதை அறியாமலிருக்கிறது. நம்முடைய விசுவாசமும் அப்படி ஆகக்கூடும். பாட்டு, ஜெபம், காணிக்கை எல்லாம் ஒழுங்காயிருக்கும். பக்கத்து வீட்டாரின் வேதனை மட்டும் நமக்கு எட்டாது. அன்று "விசுவாசம் குறைந்திருக்கும்" என்ற அந்தச் சொல், உண்மையில் நரம்பு செத்த ஒரு விசுவாசத்திலிருந்து வந்த சொல். ஓர் அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும் என்பதல்லவா பவுலின் போதனை?

அந்தத் தகப்பனாருக்கு நான் அன்று விடை சொல்லவில்லை. விடை என்னிடம் இல்லை. வெயில் ஏறும்வரை அவரோடு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரவு முழுவதும் பிள்ளையைக் கவனித்த நர்ஸ் ஒருவர், பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து தந்துவிட்டு, தானும் அழுதார். தேறின விசுவாசத்தை அன்று நான் அந்த நர்ஸிடம் கண்டேன்.

நீங்கள் அனுப்பும் காணிக்கையும் அந்த நரம்பின் ஒரு பகுதியே. உங்கள் ஊரில் இருந்துகொண்டே இந்த வார்டின் வலியை உணருகிறீர்கள். அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம்.

சிந்தனைக்கு:

அ) ஆண்டவரிடம் நான் கேட்கப் பயந்து ஒளித்து வைத்திருக்கும் கேள்வி எது?

ஆ) என் வாழ்க்கையில் விளக்கேற்றாத அறை எது?

இ) இந்த வாரம் யாருடைய வேதனையின் அருகே, விடை சொல்லாமல், நான் உட்காரவேண்டும்?

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் சிதறிய இருதயத்தை ஒன்றாக்கும். மரத்துப்போன இடங்களில் மீண்டும் உணர்வைத் தாரும். ஆமென்.