போட்டோ பேப்பரில் நிறம் மாறுவது ஏன்?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் ஸ்டேஷனரி கடை, ஜெராக்ஸ் கடை, பேன்சி ஸ்டோர் நடத்தும் நமது அங்கத்தினர்களில் பலர் இன்று போட்டோ பேப்பரும் பிரிண்டர் இங்க்கும் விற்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளி வேலைக்கென்று வீட்டில் கலர் பிரிண்டர் வாங்கியவர்கள், செல்போனில் எடுத்த குடும்பப் படங்களையும் அதிலேயே போட்டுப் பார்க்கிறார்கள். படம் சரியாக வராவிட்டால் மறுநாள் காலையில் கடைக்கு வந்து, "பேப்பர் சரியில்லை" என்று பிரித்த பாக்கெட்டை மேஜை மேல் வைத்துவிடுகிறார்கள். கடைக்காரர் அதை மொத்த வியாபாரியிடம் திருப்புகிறார். பிரித்த பாக்கெட்டைக் கம்பெனி ஏற்பதில்லை. நஷ்டம் நம்மில் யாரேனும் ஒருவர் தலையில் விழுகிறது.

அப்படித் திரும்பி வரும் பாக்கெட்டுகளை நாம் வேறு பிரிண்டரில் போட்டுப் பார்த்து வருகிறோம். பெரும்பாலானவற்றில் பேப்பரில் ஒரு குறையும் இல்லை. தாளின் வகை என்ன என்று பிரிண்டருக்குச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். அல்லது நிறத்தைத் திருத்தும் வேலையை இரண்டு இடத்தில் செய்திருப்பார்கள். இவ்விரண்டையும் விற்கும்போதே சொல்லிக் கொடுத்தால் பாதிச் சச்சரவு குறையும்.

முதலில் தாளின் வகையைப் பார்ப்போம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1967-ல் உற்பத்தியைத் தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் பிலிமும் பேப்பரும் விற்ற காலத்தில், ஸ்டுடியோக்காரர் நெகட்டிவ் எப்படி இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ற கிரேடு பேப்பரைத்தான் எடுப்பார். இன்று அந்தத் தேர்வு பிரிண்டர் செட்டிங்கில் 'பேப்பர் டைப்' என்ற ஒரே வரியில் இருக்கிறது. அந்த வரியைப் பலர் தொடுவதே இல்லை. அது 'பிளெய்ன் பேப்பர்' என்றே கிடக்கிறது.

சாதாரணத் தாள் இங்க்கை உறிஞ்சிப் பரவ விடும். போட்டோ பேப்பரின் மேல் உள்ள பூச்சு இங்க்கை மேலேயே பிடித்து நிறுத்தும். ஆகவே இங்க் எவ்வளவு விட வேண்டும், எத்தனை நுணுக்கமாக விட வேண்டும் என்பதைப் பிரிண்டர் இந்த ஒரு வரியை வைத்தே முடிவு செய்கிறது. பளபளப்புத் தாளை வைத்துவிட்டு 'பிளெய்ன் பேப்பர்' என்று விட்டால் படம் சோகை பிடித்தாற்போல வெளுக்கும், குறுக்கே கோடு கோடாகத் தெரியும். சில மாடல்களில் கறுப்பு இங்க் மட்டும் பிக்மென்ட் வகை, மற்ற மூன்றும் டை வகை. பிக்மென்ட் கறுப்பு பளபளப்புத் தாளில் ஒட்டாது. 'போட்டோ பேப்பர்' என்று சொன்னால் அந்தப் பிரிண்டர் கறுப்புப் புட்டியைத் தவிர்த்து, மற்ற மூன்று நிறங்களைக் கலந்து கறுப்பை உண்டாக்கும். சொல்லாவிட்டால் பிக்மென்ட் கறுப்பையே விடும், தலைமுடி விரலோடு வந்துவிடும். "கையில் ஒட்டுகிறது" என்று வரும் புகார்களுக்கு முதல் காரணமாக இதையே சந்தேகிக்கலாம்.

எந்தப் பக்கம் அச்சிடுவது என்று தெரியாதவர்களும் உண்டு. ஈர விரலால் ஓரத்தைத் தொட்டால் லேசாக ஒட்டுகிற பக்கமே பூச்சுள்ள பக்கம்.

அடுத்து நிறத் திருத்தம். செல்போன் திரையும் கம்ப்யூட்டர் திரையும் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் நிறம் காட்டுகின்றன. பிரிண்டரோ சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் காட்டுகிறது. ஒரு பாஷையில் சொன்னதை இன்னொரு பாஷைக்கு மாற்ற நடுவே துபாஷி வேண்டும் அல்லவா? அதற்காக அடோப், ஆப்பிள், கோடாக், மைக்ரோசாப்ட் முதலான நிறுவனங்கள் 1993-ல் கூடி ஐ.சி.சி. என்ற அமைப்பை ஏற்படுத்தின. (தென்னாற்காட்டிலிருந்து நமது மாவட்டம் பிரிந்ததும் அதே ஆண்டுதான்.) 'ஐ.சி.சி. புரொபைல்' என்பது இந்தப் பிரிண்டரில், இந்த இங்க்கில், இந்தப் பேப்பரில் எந்த நிறம் எப்படி விழும் என்று அளந்து எழுதிய கணக்கு. மூன்றில் ஒன்று மாறினாலும் கணக்கு பிசகும். விலை குறைந்த இங்க் விற்பதை நாம் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் இங்க் மாற்றினால் நிறமும் சற்று மாறும் என்று வாடிக்கையாளரிடம் வாய் திறந்து சொல்லிவிட வேண்டும்.

போட்டோஷாப்பில் அச்சிடுகிறவர் 'போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, தாளுக்குரிய புரொபைலையும் காட்டினால், நிறத்தை மாற்றும் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. பிறகு பிரிண்டர் செட்டிங்கில் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' என்று வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பிரிண்டர் தன் பங்குக்கு இன்னொரு தடவை திருத்தும். மாமியார் ஒரு தடவை, மருமகள் ஒரு தடவை உப்புப் போட்ட ரசத்தின் கதிதான். முகங்கள் சிவந்துபோய் வருவது பெரும்பாலும் இதனால்தான். இந்த நுணுக்கம் தெரியாதவர்கள் எல்லாவற்றையும் பிரிண்டரிடமே விட்டுவிடுவது மேல். டிஜிட்டல் கேமரா உள்ளவர்கள் அதில் 'அடோப் ஆர்.ஜி.பி.'யை விட்டு 'எஸ்.ஆர்.ஜி.பி.' என்று வைத்துக்கொள்ளட்டும். ஹெவ்லெட் பேக்கார்டும் மைக்ரோசாப்டும் 1996-ல் முன்வைத்த இந்த முறையே வீட்டுப் பிரிண்டர்களுக்குப் பழக்கமானது.

"படம் கறுத்துப் போச்சு" என்பது இன்னொரு புகார். திரையின் வெளிச்சத்தை முழுவதும் ஏற்றி வைத்துப் பார்த்துவிட்டு, அதே பிரகாசத்தைத் தாளில் எதிர்பார்க்கிறார்கள். வெள்ளைத் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் வரை திரை வெளிச்சத்தைக் குறைத்தால் ஏமாற்றம் இராது. அச்சிட்ட படத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

நம்மவர் முகநிறம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கலர் லேப்கள் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய 'ஷெர்லி கார்டு' என்னும் மாதிரிப் படத்தில் வெகுகாலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்தான். இன்றைய பிரிண்டர்களில் உள்ள தானியங்கித் திருத்தமும் பல சமயம் மாநிற முகத்தை வெளுக்க வைத்துவிடுகிறது. அதை நிறுத்திவிட்டு அச்சிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்கு நீங்களே ஒரு மாதிரிப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வெயில் நேராகப் படாத திண்ணையில் இரண்டு மூன்று விதமான முகநிறமுள்ள வீட்டார், ஒரு வெள்ளை வேட்டி, அரக்குப் பட்டு, மஞ்சள் கிழங்கு, வாழையிலை இருந்தால் போதும். புது பிராண்டு பேப்பரோ இங்க்கோ வரும்போதெல்லாம் அதே படத்தை 4×6 அளவில் போட்டு, செட்டிங்கை எழுதி நோட்டில் ஒட்டி வையுங்கள். வேட்டியில் சிவப்போ பச்சையோ ஏறியிருந்தால் உடனே தெரிந்துவிடும். முகத்தை மட்டும் பார்த்தால் அவ்வளவு சுலபமாகத் தெரியாது.

ஆனால் எல்லா நிறத்தையும் மையால் கொண்டுவர முடியாது. திரையில் ஜொலிக்கும் கிளிப்பச்சை தாளில் சற்று அடங்கித்தான் வரும். எம்.எஸ். நீலப் பட்டு ஊதாப் பக்கம் சாயலாம். கல்யாணப் படம் போடுகிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பேப்பர் பழி ஏற்காது. ஆறு இங்க் பிரிண்டரில் கூடுதலாக உள்ள இளஞ்சியானும் இளமெஜந்தாவும் முகத்தில் புள்ளி தெரியாமல் இழைய வைப்பதற்கே.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து நம் ஊர்களை வெள்ளக்காடாக்கியதை மறந்திருக்க மாட்டோம். டை இங்க்கில் அச்சிட்ட படம் அப்படித் தண்ணீரில் ஊறினால் மை கரைந்து ஓடக்கூடும். லேபில் கழுவிய படம் அவ்வளவு எளிதில் கரையாது. ஆகையால் பத்திரப்படுத்த வேண்டிய படத்தை லேபில் போடச் சொல்வதே நியாயம், நமக்கு ஒரு பாக்கெட் விற்பனை குறைந்தாலும் சரி. மழைக்காலத்தில் அச்சிட்ட தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் நன்றாகக் காயவிட்ட பிறகே ஆல்பத்தில் வைக்க வேண்டும். பிரித்த பாக்கெட்டை உறைக்குள் போட்டு மூடி வைக்க வேண்டும்.

பாக்கெட் திரும்பி வந்தால் முதலில் 'நாசில் செக்' தாள் ஒன்று போட்டு வரச் சொல்லுங்கள். சியான் அடைத்திருந்தால் படம் சிவக்கும், மெஜந்தா அடைத்திருந்தால் பச்சையாகும், மஞ்சள் அடைத்திருந்தால் நீலம் பாயும். மூன்றுமே பேப்பரின் குற்றமல்ல. நாசில் செக் சரியாக இருந்து, பேப்பர் டைப்பும் சரியாக வைத்திருந்து, அப்படியும் மை திட்டுத்திட்டாகத் தேங்கினால் பூச்சில் குறை இருக்கலாம். அப்போது அந்தத் தாள், கெட்டுப்போன படம், பாக்கெட்டின் மேலுள்ள பேட்ச் எண் மூன்றையும் சேர்த்து மொத்தக் கடைக்கு அனுப்புங்கள். அவை இருந்தால்தான் கம்பெனியிடம் நாம் வாதாட முடியும்.